39 கி.மீ. உயரத்தில் ஒரு விளம்பரம்: வாசகர் கேள்விகள்

காற்றழுத்தம் பற்றி எழுதினாலும் எழுதினேன், பலூனில் ஏறிப் போய்க் குதித்தவர்களைப் பற்றித்தான் கேள்விகள் குவிகின்றன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பாம்கார்ட்னர் விண்வெளியிலிருந்து குதித்தார் என்கிறார்களே, சரியா? (காரிமங்கலம் வாசகர்)

சரியில்லை. விண்வெளி 100 கி.மீ.க்கு மேல்தான் தொடங்குகிறது என்பது பொதுவான கணக்கு. 2012 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஆஸ்திரியாவின் வான்குதிப்பு வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் பலூனில் ஏறிப் போய்க் குதித்தது சுமார் 39 கி.மீ. உயரத்திலிருந்து. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையை அப்படியே நிமிர்த்தி வைத்தால், அந்த உயரம் காவேரிப்பட்டணம் பக்கம் வரும். அவர் தரைக்கு வந்துசேர ஆனது சுமார் 9 நிமிடம். நம் ஊர் பஸ் அதற்குள் பஸ் ஸ்டாண்டை விட்டே கிளம்பியிருக்காது.

பாம்கார்ட்னரின் குதிப்பு, ரெட் புல் கம்பெனி தன் பானத்தை விற்கச் செய்த வேலைதானே? அறிவியலுக்கு என்ன லாபம்? (ஓசூர், பொறியியல் மாணவர்)

விற்கத்தான் செய்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். லாபம் கொஞ்சம் உண்டு. விளம்பரத்தில் சொன்ன அளவுக்கு இல்லை.

அடிப்படை வேலை 1960-லேயே முடிந்துவிட்டது. அமெரிக்க விமானப்படையின் ஜோ கிட்டிங்கர் அந்த ஆண்டு ஆகஸ்டில் 31 கி.மீ. உயரத்திலிருந்து குதித்தார். அவ்வளவு உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேற நேர்ந்தால் விமானி பிழைப்பாரா என்பதுதான் கேள்வி. அதற்கு முந்தைய ஆண்டின் குதிப்பு ஒன்றில் உடம்பு பம்பரமாகச் சுழன்று நினைவிழந்தார். தானாக விரியும் பாராசூட்தான் காப்பாற்றியது. 1960 குதிப்பில் வலது கையுறைக்குள் அழுத்தம் இறங்கிக் கை வீங்கியபோதும், கீழே சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று வாயைத் திறக்காமல் மேலே போனார். அதே மனிதர்தான் 2012-ல் தரையிலிருந்து பாம்கார்ட்னரிடம் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர்.

2012-ல் புதிதாகக் கிடைத்தது என்ன? வாகனம் எதுவும் இல்லாமல், அழுத்த உடை (உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் உடை) மட்டும் போட்ட ஒரு மனித உடம்பு ஒலியின் வேகத்தைத் தாண்டியது, 1.25 மடங்கு, மணிக்கு 1,357 கி.மீ. அந்த அளவீடுகளை வைத்து ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வழவழப்பான பொருளுக்குக் காற்றின் தடை கிடுகிடுவென ஏறும். முதுகுப்பையும் உடையின் மடிப்புகளுமாக இருந்த பாம்கார்ட்னருக்கோ அது அவ்வளவாக ஏறவில்லை. எனக்கு மொத்தக் கூத்திலும் பிடித்தது இதுதான்.

இன்னொரு ஆளையும் பாருங்கள். 2014 அக்டோபரில் ஆலன் யூஸ்டஸ் 41.4 கி.மீ. உயரத்திலிருந்து குதித்து பாம்கார்ட்னரின் உயரச் சாதனையை முறியடித்தார். உள்ளே உட்கார்ந்து போகும் கேப்சூல் கூடக் கிடையாது, பலூனுக்குக் கீழே தொங்கிக்கொண்டே போனார். அப்போது அவர் கூகுளில் பெரிய அதிகாரி. கம்பெனி உதவ முன்வந்தும், விளம்பரமாகிவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

அங்கே உடை கிழிந்தால் ரத்தம் கொதிக்குமாமே? (பென்னாகரம்)

ரத்தக் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் ரத்தம் உடனே கொதிக்காது. ஆனால் சுமார் 19 கி.மீ.க்கு மேல் காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால், நாக்கிலும் கண்ணிலும் உள்ள ஈரம் உடம்புச் சூட்டிலேயே கொதிக்கும், திசுக்கள் வீங்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சில் பாதிக்கும் குறைவாக நல்ல சுடுதண்ணீர் எடுத்து, காற்றை வெளியே தள்ளி, முனையை விரலால் அடைத்துப் பின்பக்கத்தை இழுங்கள். அடுப்பே இல்லாமல் குமிழ் கிளம்பும். விரலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்; நான் சுற்றாமல் செய்து சுட்டுக்கொண்டவன்.

1962-ல் பலூனிலிருந்து குதித்த சோவியத் வீரர் பியோத்ர் தோல்கவ், உடையின் அழுத்தம் வெளியேறும்படி தலைக்கவசக் கண்ணாடியில் விழுந்த விரிசலால்தான் இறந்தார்.

அவ்வளவு வேகத்தில் எரிந்து போகவில்லையே, ஏன்? (பாலக்கோடு, பத்தாம் வகுப்பு)

அது பெரிய வேகமே இல்லை. எரிந்து விழும் செயற்கைக்கோள் மணிக்கு ஏறக்குறைய 28,000 கி.மீ. வேகத்தில் வருகிறது.

பாராசூட்டே இல்லாமல் வலையில் குதித்தாரே ஒருவர்? (ஊத்தங்கரை)

லூக் எய்கின்ஸ், 2016, கலிஃபோர்னியா, 7,600 மீட்டர். செலவு ஒரு சூயிங்கம் கம்பெனியுடையது. குறி பார்த்து விழும் திறமையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அறிவியல்? தேடினேன், அகப்படவில்லை.

என் மகன் பிளாஸ்டிக் கவரில் பாராசூட் செய்து மாடியிலிருந்து விடுகிறான். ஆடி ஆடிக் கவிழ்கிறது. என்ன செய்யலாம்? (அரூர்)

கவரின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஓட்டை போடச் சொல்லுங்கள். உள்ளே அடைபட்ட காற்று ஓரம் வழியாகத் தப்பப் பார்ப்பதால்தான் ஆட்டம். நடுவில் வழி விட்டால் நேராக இறங்கும். நான்கு நூலும் ஒரே நீளம் இருக்கட்டும். இஸ்ரோகூட 2025 ஆகஸ்டில் ககன்யானுக்காக ஏறக்குறைய 5 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரில் 3 கி.மீ. உயரம் தூக்கிப் போய் விட்டுத்தான் பாராசூட்டைச் சோதித்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் மட்டும் பையனை ஏற விடாதீர்கள்.