‘கேட்காதே, சொல்லாதே’: அமெரிக்க ராணுவச் சட்டம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

தன்பாலீர்ப்பாளர்கள் ராணுவத்தில் இருக்கலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1993-லும் 2010-லும் கடுமையாக விவாதித்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

சட்டக் கல்லூரி மாணவி: தன்பாலீர்ப்பாளர்களுக்கு ராணுவத்தில் இருந்த தடையை நீக்குவதாகத் தேர்தலில் வாக்குறுதி கொடுத்தவர் அதிபர் கிளின்டன். அவரே ஏன் இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்?

பதில்: முப்படைத் தளபதிகளுக்குத் தலைவராக இருந்த காலின் பவல் எதிர்த்தார். கிளின்டனின் சொந்தக் கட்சி செனட்டர் சாம் நன் அதைவிடப் பெரிய தடையாக இருந்தார். செனட்டின் ராணுவக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நார்ஃபோக் கடற்படைத் தளத்துக்கே போய், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கைகளுக்கு நடுவே, கேமராக்களுக்கு முன்னால் மாலுமிகளிடம் கருத்துக் கேட்டார். கடைசியில் ‘நாங்கள் கேட்க மாட்டோம், நீயும் சொல்லாதே’ என்ற சமரசம் வந்தது. அதுவரை ராணுவ விதியாக இருந்த தடை, 1993 நவம்பரில் சட்டமாகிவிட்டது. அதனால் பின்னால் வந்த எந்த அதிபராலும் ஒரே உத்தரவில் அதை நீக்க முடியவில்லை. உண்மையான கேடு அதுதான்.

கல்லூரி மாணவர்: வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை தப்பித்துவிடும்தானே?

பதில்: இல்லை தம்பி. வேறு யாராவது போட்டுக்கொடுத்தாலும் விசாரணை வரலாம். அந்தச் சட்டம் இருந்த காலத்தில் 13,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அரபி தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவைப்பட்ட காலத்திலும் அரபி மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பிவிட்டார்கள். யாருக்குக் கடிதம் எழுதுகிறாய் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டால்கூடப் பொய் சொல்ல வேண்டிய வாழ்க்கை அது.

ஓய்வு பெற்ற ராணுவ வீரர்: பல வருடம் பாரக்ஸில் இருந்தவன் நான். ஒரே அறையில் சங்கடம் வராதா? படையின் ஒற்றுமை குலையாதா?

பதில்: அனுபவத்திலிருந்து கேட்கிறீர்கள் ஐயா. 2010-ல் இதைப் படையினரிடமே கேட்டார்கள். சுமார் 1,15,000 பேர் பதில் அனுப்பினார்கள். தன்பாலீர்ப்பாளர் என்று தாங்கள் கருதிய ஒருவரோடு ஏற்கெனவே பணியாற்றியதாக 69 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் 92 சதவீதம் பேர், தங்கள் குழு சேர்ந்து வேலை செய்ததில் குறை சொல்லவில்லை. மரீன் படையின் போர்ப் பிரிவுகளில் தயக்கம் அதிகம்தான்; அறிக்கை அதையும் மறைக்கவில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992-லேயே தடையை எடுத்துவிட்டன. அவர்கள் படைகள் கலைந்து போய்விடவில்லை.

பத்திரிகைத் துறை மாணவி: 2010-ல் மட்டும் தடையை நீக்க எப்படி முடிந்தது?

பதில்: முப்படைத் தளபதிகளின் தலைவர் மாறியிருந்தார். அட்மிரல் மைக் மல்லன் பிப்ரவரி 2 அன்று செனட் குழு முன் வந்து, தாங்கள் யார் என்பதையே மறைத்துப் பொய் சொல்லும்படி வீரர்களைக் கட்டாயப்படுத்துவது தன் மனதை உறுத்துகிறது என்றார். பேச்சு படுக்கையை விட்டு நேர்மைக்கு வந்தது அந்த இடத்தில்தான். அப்போதும் சுலபமாக இல்லை. செனட்டர் ஜான் மெக்கெய்ன் கடைசிவரை எதிர்த்தார். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக செனட்டில் 60 வாக்கு வேண்டும். டிசம்பர் 9 அன்று 57தான் கிடைத்தது. அப்புறம் செனட்டர்கள் லீபர்மனும் சூசன் காலின்ஸும் ராணுவ நிதி மசோதாவிலிருந்து தடை நீக்கத்தைப் பிரித்துத் தனி மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 18 அன்று 65க்கு 31 என்று நிறைவேறியது. தடை முழுதாக விலகியது 2011 செப்டம்பர் 20 அன்று.

அதே மாணவி: ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்கள்?

பதில்: சிலருக்கு விடுவிப்புச் சான்றிதழில் நற்பெயர் கிடைக்கவில்லை. அதனால் முன்னாள் வீரர்களுக்கான மருத்துவம், கல்வி உதவி எல்லாம் கைவிட்டுப் போனது. திருத்தம் வேண்டுமென்றால் ஒவ்வொருவராக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் தானாகவே பழைய கோப்புகளை எடுத்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது 2023-ல்தான்.