லாபேக்கும் ஃபாஸ்ட்-மேத்தும்

வணக்கம்.

ஆய்வுக்காக, அணிக் கணக்குகளுக்கான லாபேக் நிரலகத்தை மூல நிரலிலிருந்து ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் கொண்டு நானே கட்டிப் பயன்படுத்திவருகிறேன். கம்பைலரும் லாபேக் பதிப்பும் சற்றுப் பழையவை. வேகம் வேண்டும் என்று ‘ஓ3’, ‘ஃபாஸ்ட்-மேத்’, ‘மார்ச்=நேட்டிவ்’ ஆகிய மூன்று ஆப்ஷன்களையும் கொடுத்தேன். அணியில் ‘நேன்’ (எண் அல்லாத மதிப்பு) இருந்தும் சோலெஸ்கி காரணியாக்கம் பிழையே இல்லை என்று திரும்புகிறது. பல த்ரெட்களில், அதாவது ஒரே நேரத்தில் இணையாக, ஓட்டினால் மீச்சிறு வர்க்கத் தீர்வு சிலசமயம் தவறாக வருகிறது. வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிடுகிறது. ஓ3-ஐ ஓ2-ஆகக் குறைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

ஓர் ஆய்வு மாணவர்

---

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் காரணங்கள் வெவ்வேறு. எதிலும், நிரலை மேம்படுத்தும் அளவைக் குறிக்கும் ஓ3-க்குப் பங்கில்லை. அதனால்தான் அதைக் குறைத்தும் பயன் கிடைக்கவில்லை.

முதலில் நேன். ஃபாஸ்ட்-மேத் கொடுக்கும்போது நீங்கள் கம்பைலருக்குச் சில வாக்குறுதிகள் தருகிறீர்கள்: இந்த நிரலில் நேனும் முடிவிலியும் வரவே வராது, கூட்டலை எந்த வரிசையில் செய்தாலும் எனக்குச் சம்மதம் என்பவை அவற்றில் முக்கியமானவை. லாபேக்கோ நேன் வரக்கூடும் என்று எண்ணியே எழுதப்பட்டது. சோலெஸ்கி காரணியாக்கத்தில் ஒவ்வொரு மூலைவிட்ட உறுப்பும் சுழியைவிடப் பெரியதா, நேனா என்று பார்க்கப்படுகிறது. நேனா என்று பார்க்கும் வேலையை ‘டிஸ்நேன்’ என்ற சிறு சார்பு செய்கிறது. அது ஒரே எண்ணை ‘டிலைஸ்நேன்’ என்ற இன்னொரு சார்புக்கு இரண்டு உள்ளீடுகளாக அனுப்புகிறது. அங்கே உள்ள ஒரே வரி, இரண்டும் சமமற்றவையா என்று கேட்கிறது. நேன் தனக்குத் தானே சமமாகாது என்பது 1985-ஆம் ஆண்டின் ஐஇஇஇ 754 தரம் வகுத்த விதி. ஒரே சார்புக்குள் இதை எழுதினால் கம்பைலர் சோதனையையே நீக்கிவிடக்கூடும் என்றுதான் இரண்டு சார்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

இவ்வளவு கவனமாக எழுதியதையும் ஃபாஸ்ட்-மேத் வீணாக்கிவிடுகிறது. எக்ஸ்86 செயலிகளில் மிதவைப் புள்ளி எண்களை ஒப்பிடும் ஆணை, ஓர் எண் நேனாக இருந்தால் ‘சமம்’ என்பதற்கான கொடியையும் ‘ஒப்பிட முடியாது’ என்பதற்கான கொடியையும் சேர்த்தே உயர்த்தும். வழக்கமாகக் கம்பைலர் இரண்டையும் பார்க்கும். நேன் வராது என்று நீங்கள் உறுதி கொடுத்துவிட்டால் இரண்டாவது கொடியைப் பார்க்கும் ஆணையை அது எழுதாமல் விட்டுவிடலாம். அப்போது நேன் தனக்குச் சமம் என்றே முடிவாகிறது. பிழை இல்லை என்ற பதில் உங்களுக்கு வந்த வழி இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜிஃபோர்ட்ரான் அடங்கிய கம்பைலர் தொகுப்பான ஜிசிசியின் 13-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த ஆப்ஷனோடு ஒரு பகிர்வு நிரலகத்தை இணைத்தால், அதை ஏற்றும் நிரலில் மிகச்சிறிய எண்கள், அதாவது ஏறத்தாழ 2.2 × 10⁻³⁰⁸-க்கும் கீழான இரட்டைத் துல்லிய எண்கள், சுழியாக்கப்படும். உங்கள் நிரலகத்தோடு தொடர்பே இல்லாத கணக்குகளும் இதில் சிக்கும். எனவே கம்பைல் செய்யும் வரியிலிருந்து மட்டுமல்லாமல், இணைக்கும் வரியிலிருந்தும் ஃபாஸ்ட்-மேத்தை எடுத்துவிடுங்கள்.

த்ரெட் சிக்கலுக்கு, நீங்கள் கொடுக்காமல் விட்ட ‘ரிகர்சிவ்’ என்ற ஆப்ஷன் காரணமாக இருக்கலாம். ஒரு சார்புக்குள் பெரிய அணி இருந்தால் ஜிஃபோர்ட்ரான் அதை, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக உள்ள ஸ்டாக் நினைவிடத்தில் வைக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவான நிலையான நினைவிடத்தில் வைக்கும். பழைய பதிப்புகளில் அதற்கான எல்லை 32,768 பைட். மீச்சிறு வர்க்கத் தீர்வில் அழைக்கப்படும் ‘டிஓஆர்எம்கியூஆர்’ சார்பில், லாபேக்கின் பழைய பதிப்புகள் 65-க்கு 64 அளவுள்ள ஓர் அணியை உள்ளே வைத்திருந்தன. உறுப்புக்கு 8 பைட் வீதம் அது 33,280 பைட். வெறும் 512 பைட் கூடியதால் அந்த அணி நிலையான இடத்துக்குப் போய், எல்லா த்ரெட்களும் ஒரே இடத்தில் எழுதத் தொடங்கிவிடும். ஒற்றை த்ரெட்டில் இது ஒருபோதும் தெரியாது. ரிகர்சிவ் கொடுத்தால் அணி ஸ்டாக்குக்கு வந்துவிடும். புதிய பதிப்புகள் அந்த அணியையே நீக்கிவிட்டன என்றாலும் ஆப்ஷனை விடாதீர்கள்.

மார்ச்=நேட்டிவ் பற்றி நீங்களே ஊகித்திருப்பீர்கள். கட்டிய கணினியின் செயலிக்கு மட்டுமே உரிய ஆணைகள் வேறு செயலியில் இல்லை; ஒரே கணினியில் ஓட்டுவதற்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வேகத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். லாபேக் தன் பெருவேலையைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, அடிப்படை அணிக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் நிரலகத்திடம், குறிப்பாக அணிப் பெருக்கலிடம் ஒப்படைக்கிறது. பிளாஸின் வேகமான வடிவமான ஓப்பன்பிளாஸில் அந்தப் பெருக்கலின் உட்கரு பெரும்பாலும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே அசெம்ப்ளியில் எழுதப்பட்டது. நீங்கள் ஃபோர்ட்ரானுக்குக் கொடுக்கும் ஆப்ஷன் அதைத் தொடுவதே இல்லை. லாபேக்கோடு வரும் மாதிரி பிளாஸை இணைத்திருந்தால் அதை ஓப்பன்பிளாஸாக மாற்றுங்கள். எந்த ஆப்ஷனும் தராத வேகம் அதில் கிடைக்கும். ஓப்பன்பிளாஸைக் கட்டும்போது ‘டைனமிக் ஆர்க்’ அமைப்பை இயக்கினால் பல செயலிகளுக்கான உட்கருக்களும் உள்ளே இருந்து, ஓடும் நேரத்தில் பொருத்தமானது தேர்ந்தெடுக்கப்படும். கணினி மாறினாலும் சிக்கல் வராது.

ஆகவே லாபேக்குக்கு ஓ2, ரிகர்சிவ் இரண்டும் போதும். அதனுடன் வரும் மாதிரி ‘மேக்.இன்க்’ கோப்பிலும் இவையே உள்ளன. அதே கோப்பில் ஓ0 என்று தனியாக உள்ள வரியையும் மாற்ற வேண்டாம். கணினியின் துல்லிய அளவைத் தரும் ‘டிலாம்ச்’ போன்ற சில கோப்புகளுக்கானது அது. பழைய டிலாம்ச் அந்த அளவை ஒரு சுழலில் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்கும். இடைமதிப்புகள் 80 பிட் பதிவகத்திலேயே தங்கிவிட்டால் விடை தவறும், சுழல் முடியாமலும் போகலாம்.

கட்டி முடித்ததும் உடன்வரும் சோதனைகளை ஓட்டுங்கள். நேரியல் சமன்பாட்டுச் சோதனைகளில், எஞ்சும் பிழையைத் துல்லிய அளவால் வகுத்து வரும் விகிதம் 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். பிறகு 3-க்கு 3 அலகு அணி ஒன்றை எடுத்து, இரண்டாவது மூலைவிட்ட உறுப்பில் நேனை வைத்து, சோலெஸ்கி காரணியாக்கம் செய்யும் ‘டிபிஓடிஆர்எஃப்’ சார்பை அழையுங்கள். பிழை நிலையைச் சொல்லும் ‘இன்ஃபோ’வின் மதிப்பு 2 என்று வர வேண்டும். இன்னும் 0 என்றே வந்தால் ஃபாஸ்ட்-மேத் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு கட்டிய ஆப்ஜெக்ட் கோப்புகளை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

அன்புடன்.