எம்.பி.எச். படித்தால் குழந்தைகளை விட்டுப் போகிறேனா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாகப் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாய் சேய் நலத்தில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலைப் படிப்பு) படிக்க ஆசை. "அது டாக்டர்கள் படிப்பு, கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத்தான் போகிறாய்" என்கிறார்கள் வீட்டில். படிக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகப் படிக்கலாம். நர்ஸ், பல் டாக்டர் எல்லாம் ஒரே வகுப்பில் உட்காரும் படிப்புதான் இது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியிருக்கும், அது உண்மை. எதற்காக என்று சொல்கிறேன்.

எடை குறைந்த குழந்தை ஒன்று வருகிறது, உடம்பைக் கதகதப்பாக வைக்கும் வார்மரில் வைத்துப் பாடுபட்டுத் தேற்றி அனுப்புகிறீர்கள், அடுத்த வாரமே அதே ஊரிலிருந்து இன்னொன்று வருகிறது, ஏன் என்று விசாரிக்க வார்டில் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த 'ஏன்'தான் இந்தப் படிப்பு; அதைக் கணக்குகளில் தேடத்தான் கம்ப்யூட்டர். தாய்க்கு ரத்தசோகையா, மாத்திரை கொடுத்தும் வயிற்றைப் புரட்டுகிறது என்று சாப்பிடாமல் விட்டாளா, சின்ன வயதிலேயே கல்யாணமா? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், ஆனாலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை, பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் போதவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

சரி, எங்கே படிப்பது? 'தாய் சேய் நலம்' என்ற பெயரிலேயே படிப்பைத் தேடினால் நம் நாட்டில் அதிகம் கிடைக்காது. பொதுவான எம்.பி.எச். சேர்ந்து நோய்ப்பரவல் இயல், புள்ளியியல் எல்லாம் கற்றுக்கொண்டு, ஆய்வேட்டை மட்டும் பச்சிளங்குழந்தைகள் பற்றி எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். நடத்துகிறது, சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றிலும் உண்டு. தகுதியும் அனுபவ நிபந்தனையும் இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். களப்பணியே இல்லாத படிப்புக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

வேலை விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. அரசு சுகாதாரத் துறையில் மேல் பதவிகள் பெரும்பாலும் டாக்டர்களுக்குத்தான். உங்களுக்கு ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் என்றுதான் முதலில் வழி திறக்கும், அதில் பலவும் ஒப்பந்த வேலை. இதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்தில் தடுப்பூசி போடும் இடத்துக்குப் போங்கள். அன்று எந்தக் குழந்தை வரவில்லை, ஏன் வரவில்லை என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், முடிந்தால் அந்த வீடு வரை அவரோடு நடந்து போய்விட்டு வாருங்கள்.