60-உம் 30-உம் சேர்ந்தால் ஏன் 45 இல்லை?

வணக்கம் ஐயா,

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறாள். ரியூசனில் இப்போது தூரம், கதி, நேரம் கணக்குகள் போகின்றன. ஒரு முக்கோணம் கீறி மூன்றையும் அதற்குள் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்து விடை எடுக்கப் பழக்கியிருக்கிறார்கள். கடகடவென்று செய்கிறாள். போன கிழமை ஒரு கணக்கு வந்தது. ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் மோட்டார் சைக்கிளில் போகிறார், அதே வழியால் 30 கிலோமீற்றர் கதியில் திரும்புகிறார், சராசரிக் கதி என்ன? மகள் 45 என்று எழுதினாள். பிழை போட்டு 40 என்று திருத்தியிருக்கிறார்கள். "கூட்டி இரண்டால் பிரிக்கிறதுதானே சராசரி?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. முன்பொருநாள் நயினாதீவுக்குப் போகும்போது, "வள்ளத்தில் நான் சும்மா இருக்கிறன், அப்ப நான் இயங்கிறனா இல்லையா?" என்றும் கேட்டாள். இவளை இன்னொரு ரியூசனுக்கும் அனுப்பவா?

ஒரு தாய், கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 40. பருத்தித்துறை 30 கிலோமீற்றரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கொஞ்சம் கூட, ஆனால் கணக்குக்கு இது வசதி. போக அரை மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். மொத்தம் 60 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். பிரித்தால் 40.

இப்படிச் சொன்னால் பிள்ளை "ஓம்" என்று தலையாட்டும். அடுத்த முறை திரும்பவும் 45 எழுதும். ஏனென்றால் கூட்டி இரண்டால் பிரிப்பது எங்கே பிழைத்தது என்று நாம் இன்னும் சொல்லவில்லை. அவளைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு கடையில் கிலோ 300 ரூபாவுக்கு, 300 ரூபாவுக்குத் தக்காளி வாங்குகிறீர்கள். இன்னொரு கடையில் கிலோ 150, அங்கேயும் 300 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். கிலோ சராசரியாக என்ன விலை விழுந்தது? 225 இல்லை. பையில் மூன்று கிலோ இருக்கிறது, 600 ரூபா போயிருக்கிறது, ஆகவே 200. மலிவு விலையில் வாங்கியது இரண்டு கிலோ, கூடின விலையில் ஒரு கிலோதான். அந்த மோட்டார் சைக்கிள்காரரும் 60-இல் ஓடியது அரை மணித்தியாலம், 30-இல் ஓடியது ஒரு மணித்தியாலம். மெதுவான பக்கத்துக்கு நிறை கூட. அதனால்தான் விடை அந்தப் பக்கம் சரிகிறது.

தூரம் எவ்வளவென்று சொல்லாமலே இந்தக் கணக்குக்கு விடை வரும் என்பதையும் அவள் கவனிக்கட்டும். கொழும்புக்கு 400 கிலோமீற்றர் என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போகவும் வரவும் சேர்ந்து 20 மணித்தியாலம், 800-ஐ 20-ஆல் பிரித்தால் அதே 40. அப்புறம், 45 சரியான விடையாக வரும்படி ஒரு கணக்கை அவளையே உருவாக்கச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் 60-இலும் ஒரு மணித்தியாலம் 30-இலும் ஓட வைத்தால் வரும் என்று கண்டுபிடித்துவிட்டாளானால் விசயம் விளங்கிவிட்டது.

இதில் எனக்குப் படுவது இதுதான்: பிள்ளைகளுக்குத் தூரம் கண்ணுக்குத் தெரியும், நேரம் தெரியாது. முக்கோணத்துக்குள் "நேரம்" என்று எழுதியிருப்பதைக் கடிகாரம் காட்டும் நேரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே வேண்டியது இரண்டு கணங்களுக்கு இடையில் கழிந்த நேரம். இரண்டும் வேறு என்பதை விளங்கப்படுத்த நம்மிடம் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது, மகளுக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்கு நினைவிருக்கும். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002-இல் ஏ9 பாதை திறந்த பிறகு, புலிகளின் பகுதிக்கும் அரசின் கையிலிருந்த யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான முகமாலைச் சோதனைச்சாவடியைக் கடப்பவர்களுக்குக் கடிகாரத்தில் அரை மணித்தியாலம் மாறியது. 2006 ஏப்ரல் 15-இல் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இதே நிலைதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 65 கிலோமீற்றர். சோதனை எல்லாம் சேர்த்து இரண்டு மணித்தியாலம் பிடித்தது என்று வைப்போம். கிளிநொச்சிக் கடிகாரத்தில் காலை 8.00-க்கு வெளிக்கிட்டவர் யாழ்ப்பாணக் கடிகாரத்தில் 10.30-க்கு வந்திறங்குவார். கடிகாரத்தை மட்டும் நம்பினால் இரண்டரை மணித்தியாலம், சராசரிக் கதி மணிக்கு 26. அவரே அடுத்தநாள் யாழ்ப்பாணத்தில் 10.30-க்கு வெளிக்கிட்டால் கிளிநொச்சியில் 12.00-க்கு இறங்குவார். ஒன்றரை மணித்தியாலம், மணிக்கு 43. அதே பாதை, அதே வாகனம், பிடித்ததும் அதே இரண்டு மணித்தியாலம். ஒரே கடிகாரத்தால் இரண்டு முனையையும் பார்த்திருந்தால் இரண்டு தடவையும் மணிக்கு 32.5 என்றுதான் வந்திருக்கும்.

சரி, நல்ல கடிகாரமே இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? கலிலியோ சாய்ந்த பலகையில் உருண்டையை உருட்டிவிட்டு, பெரிய பாத்திரம் ஒன்றிலிருந்து மெல்லிய குழாய் வழியே தண்ணீரை ஒழுக விட்டார். உருண்டை கீழே வந்துசேரும்வரை ஒழுகிய தண்ணீரை நிறுத்துப் பார்த்தார். நேரத்தைத் தராசில் வைத்தவர் அவர். இரண்டு மடங்கு நேரத்தில் உருண்டை நான்கு மடங்கு தூரம் போகிறது என்பதை இப்படித்தான் கண்டார். 1638-இல் அச்சான அவருடைய நூலில் இந்தப் பரிசோதனை இருக்கிறது.

உங்களிடம் கைபேசி இருக்கிறது, வேலை இன்னும் சுலபம். பின்னேரம் வாகனம் குறைந்த நேரமாகப் பார்த்து, வீட்டுப் படலையிலிருந்து ஒழுங்கை நெடுக பத்து மீற்றருக்கு ஒரு கோடாக 50 மீற்றர்வரை சோக்கால் கீறுங்கள். அளவுநாடா இல்லையா, சைக்கிள் சில்லில் ஓர் அடையாளம் வைத்து உருட்டினால் போதும். பெரிய சில்லு ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே போகும், சரியாக எவ்வளவு என்று மகளே அளக்கட்டும். முதல் 20 மீற்றர் அவள் நடக்கட்டும், அங்கே பத்துச் செக்கன் நிற்கட்டும், மிச்சத்தை ஓடட்டும். ஒவ்வொரு கோட்டையும் கடக்கும்போது நீங்கள் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நேரத்தைக் கிடையாகவும் தூரத்தை நிலைக்குத்தாகவும் வைத்து வரைபு கீறச் சொல்லுங்கள்.

நடந்த இடத்தில் கோடு மெல்ல ஏறும். நின்ற இடத்தில் படுத்துவிடும். ஓடிய இடத்தில் விரைந்து ஏறும். தொடக்கத்தையும் முடிவையும் அடிமட்டம் வைத்து நேரே இணைத்தால், அந்தக் கோட்டின் சரிவுதான் சராசரிக் கதி. நின்ற பத்துச் செக்கனும் அதற்குள் அடக்கம் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். பருத்தித்துறை பஸ்ஸில் சாரதிக்கு முன்னால் இருக்கும் முள் 60-க்கு ஏறுவதும் பூச்சியத்துக்கு விழுவதுமாக இருந்தும், மொத்தப் பயணக் கதி அதைவிட மிகக் குறைவாக வருவதும் இதனால்தான். உசேன் போல்ட்கூட 2009-இல் பெர்லினில் 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடியபோது சராசரி மணிக்கு 37.6 கிலோமீற்றர்தான். நடுவில் 60-க்கும் 80-க்கும் இடைப்பட்ட மீற்றர்களில் 44-ஐத் தாண்டியிருந்தார். வரைபு கையில் இருக்கும்போது இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: கோடு நேரே நிலைக்குத்தாக எழும்பினால் என்ன பொருள்? சற்று யோசித்தால், ஒரே கணத்தில் பல இடங்களில் நின்றாள் என்று வரும்.

வள்ளக் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில். எதை வைத்து என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. வள்ளத்தை வைத்துப் பார்த்தால் அவள் ஓய்வில் இருக்கிறாள், குறிகாட்டுவான் இறங்குதுறையை வைத்துப் பார்த்தால் இயங்குகிறாள். இரண்டும் சரி. இறங்குதுறைதான் உண்மையில் அசையாதது என்று அவள் சொன்னால், பூமி சுழல்வதால் அந்த இறங்குதுறையும் மணிக்கு 1600 கிலோமீற்றருக்கு மேலான கதியில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொரு ரியூசன் வேண்டாம். முக்கோணத்தைப் பறிக்கவும் வேண்டாம், பரீட்சையில் அவசரத்துக்கு உதவும். விரலை வைப்பதற்கு முன்னர் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மொத்தத் தூரமும் மொத்த நேரமும் அதிலிருந்தே வரும். அலகு மாற்றத்துக்கு ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். அந்தக் கணக்கில் மணிக்கு 60-இல் போகும் ஒருவர் கைபேசியை இரண்டு செக்கன் குனிந்து பார்த்தால், 33 மீற்றரை முன்னால் பார்க்காமலே கடந்திருப்பார். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர் யாராவது இருந்தால், இதை மகளே அவருக்குச் செய்து காட்டட்டும்.

அன்புடன்.