"மரம் வாய் வழியா வருமா, காது வழியா வருமா?"

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. மூன்று மாதத்துக்கு முன் வீடு மாறினோம். இங்கே வெஸ்டர்ன் டாய்லெட். ஃப்ளஷ் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இரண்டு நாள் வரை மலத்தை அடக்கிவைக்கிறான். போன வாரம் சப்போட்டாக் கொட்டையை விழுங்கிவிட்டான். அதிலிருந்து தினமும் ராத்திரி, "அம்மா, மரம் வாய் வழியா வருமா, காது வழியா வருமா?" என்று கேட்டு அழுகிறான். நாய்க்கும் இருட்டுக்கும் பயப்படாத பிள்ளை. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். கணவர், "ரெண்டு அதட்டு அதட்டினா சரியாயிடும்" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மரம் வருமா என்று அவன் கேட்கவில்லை. வரும் என்று முடிவே செய்துவிட்டான். எந்த வழி என்பதுதான் பாக்கி. "கொட்டையை முழுங்கினா வயித்துல மரம் முளைக்கும்" என்று யாராவது விளையாட்டாகச் சொல்லியிருப்பார்கள். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். விதைக்கு ஈரம் வேண்டும். வயிற்றில் தண்ணீர் இருக்கிறது. அவன் கணக்கில் தப்பே இல்லை, பாவம்.

ஃப்ளஷும் அப்படித்தான். தன் உடம்பிலிருந்து வந்த ஒன்று, பெரிய சத்தத்தோடு சுழன்று, கண் முன்னால் காணாமல் போகிறது. அடுத்து நான் போவேனா என்று ஒரு குழந்தை யோசிப்பதில் என்ன ஆச்சரியம்? தன் உடம்பின் அளவே குழந்தைகளுக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபடுகிறது. 2004இல் ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். உட்கார்ந்து ஓட்டும் காரில் விளையாடிய குழந்தைகளில் சிலர், பிறகு கையளவு பொம்மைக் காருக்குள்ளும் காலை நுழைக்கப் பார்த்தார்கள். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். ஆனாலும் டாய்லெட் ஓட்டைக்குள் தன்னால் போகவே முடியாது என்பது நமக்குத் தெரிகிற அளவு உறுதியாக அவனுக்குத் தெரியாது.

அதனால் "ஒண்ணுமில்லடா" என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கத்தில் அவனோடு உட்காருங்கள். தண்ணீர் ஊற்றினால் போகிறது. பந்து? போகவில்லை. அவன் செருப்பு? போகவில்லை. அப்புறம் அவனாகவே காலை வைத்துப் பார்க்கட்டும். நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

சத்தத்துக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் எழுதினார். பையன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். நீங்களும் அதையே செய்யலாம். முதல் சில நாள், அவன் ஹாலில் முறுக்கு தின்னும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு கதவைத் திறந்து வையுங்கள். பிறகு அவன் "இப்போ" என்று சொன்ன பிறகே அழுத்துங்கள். கடைசியில் அவன் விரலே அழுத்தட்டும். நடுவில் பயந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். உட்காரும்போது கால் தொங்கினால் முக்க வராது. காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள்.

இனி கொட்டை. சப்போட்டாக் கொட்டையின் முனை கொக்கி மாதிரி இருக்கும், தொண்டையில் சிக்கலாம்; இனிமேல் எடுத்துவிட்டே கொடுங்கள். அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: "வாயும் இல்ல, காதும் இல்ல கண்ணா, அது கக்காவோட வந்துடும்." சிரிப்பான். கூடவே வேறொரு கொட்டையைத் தொட்டியில் ஊன்றச் சொல்லுங்கள். அது முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் வயிற்றில் எதுவும் தங்காது என்பதை அவனே நாளெண்ணிப் புரிந்துகொள்வான்.

அதட்டினால் பயம் போகாது, பயத்தைச் சொல்லாமல் மறைக்கக் கற்றுக்கொள்வான். உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மாமியார் ஆசைப்பட்டால் திருநீறு பூசட்டும். பேத்திக்கோ பேரனுக்கோ பாட்டி கை நெற்றியில் படுவது நல்லதுதான். ஆனால் "காத்து கருப்பு" என்ற பேச்சு அவன் காதில் விழ வேண்டாம். அதற்கும் ஒரு கணக்குப் போடுவான்.

இன்று ராத்திரி அவன் கேட்டால், "மரம் இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டு, அவன் கை காட்டும் இடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். மலத்தை அடக்கி வயிறு கனத்திருப்பதைத்தான் மரம் என்று நினைக்கிறானோ என்னவோ. தண்ணீர், பப்பாளி, கீரை நிறையக் கொடுங்கள். தொட்ட இடம் கல் மாதிரி இருந்தாலோ, மூன்று நாளாகப் போகவில்லை என்றாலோ, வலி, ரத்தம், ஜட்டியில் கசிவு என்று எதைப் பார்த்தாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இறுகிய மலம் வெளியே வரும்போது வலிக்கும். அந்த வலி டாய்லெட் பயத்தை இரண்டு மடங்காக்கிவிடும்.