ஏழு லட்சம் கொடுத்தால் வாடகை வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர்

கேள்வி: எனக்கு வயது 29. தரமணியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. வேளச்சேரியில் ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறேன். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 70,000 ரூபாய். மாறாக, மூன்று ஆண்டு லீஸாக 7 லட்சம் கொடுத்தால் வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்கிறார் வீட்டுக்காரர். வைப்பு நிதியில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 3 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், வாடகைக்கே செல்லுங்கள்.

வெறும் கணக்கில் லீஸ்தான் லாபம் என்பதை நான் மறுக்கவில்லை. மூன்று ஆண்டு வாடகை 5,04,000 ரூபாய். கடனுக்கு 14 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய்; மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 69,000 ரூபாய் ஆகும். உங்கள் 4 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் இழக்கும் வட்டி 84,000 ரூபாய். இரண்டையும் கூட்டினாலும் ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதே கணக்கை வீட்டுக்காரர் பக்கம் நின்று போட்டுப் பாருங்கள். 7 லட்சத்துக்காக அவர் ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார்; அதாவது 24 சதவீத வட்டி கட்டுகிறார். வேளச்சேரியில் சொந்த வீடு உள்ளவருக்கு அதை அடமானம் வைத்தால் வங்கியில் ஏறத்தாழ அதில் பாதி வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்னும்போது, அவர் ஏன் உங்களிடம் வருகிறார்? மகள் திருமணம் போன்ற அவசரச் செலவாக இருக்கலாம். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருப்பதாலோ, பழைய கடன் தவணைகள் தவறியதாலோ வங்கி கைவிரித்திருக்கவும் கூடும். அப்படியானால் உங்களுக்கு முன்னால் வங்கி நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி நீதிமன்ற வழக்கின்றியே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம்; நீங்கள் வெளியேறிய பின், 7 லட்சத்துக்காகப் பல ஆண்டுகள் உரிமையியல் நீதிமன்றப் படியேற நேரும். வங்கி வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, லீஸ் பணத்துக்கு அது கிடையாது. பல இடங்களில் அடுத்த குடித்தனக்காரர் பணம் கொடுத்தால்தான் பழையவருக்குத் திரும்பக் கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

என்றாவது கடன் வாங்காமலே லீஸுக்குப் போகும் நிலை வந்தால், வீட்டின் மீது பதிவான அடமானம், விற்பனை போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிட்டு, பணத்தை வங்கி வழியாக மட்டுமே கொடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். வழக்கமான 11 மாத ஒப்பந்தத் தாள் இதற்கு உதவாது. கைமாற்றாகவும் புரோநோட்டிலும் வாங்கிய கடன்கள் வில்லங்கச் சான்றில் தெரியாது என்பதால், இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு முழு நிம்மதி வராது.

வாடகை உங்கள் வருமானத்தில் 29 சதவீதம். பராமரிப்பும் தண்ணீரும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கை எட்டும். சற்று இறுக்கம்தான், ஆனால் தாங்கலாம். அட்வான்ஸில் பேரம் பேச இடமுண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். எனவே 42,000 ரூபாய்க்குக் கேட்டுப் பாருங்கள். சப் மீட்டர் இருந்தால் மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாடகை கொடுத்தால் வரி மிச்சமாகுமே என்ற எண்ணம் உங்களுக்குப் பொருந்தாது; புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரியே இல்லை.

அட்வான்ஸ் போக வைப்பு நிதியில் மிஞ்சுவதைத் தொடாதீர்கள். உங்கள் துறையில் திடீரென வேலை போனால் ஆறேழு மாதங்களை அதுதான் ஓட்டும். பார்த்திருப்பது தரைத்தள வீடு என்றால், 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கையெழுத்திடும் முன் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், தரகரிடம் அல்ல.