பிபி ஏறினால் போதுமா? சலைன் ஏறும்போது ரத்த ஓட்டத்தைக் கவனிப்பது எப்படி

கேள்வி: ஐசியூவில் ஷாக்கில் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலையில்) இருக்கும் நோயாளிக்கு சலைன் ஏற்றும்போது ரத்த ஓட்டம் தேறுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? பிபி ஏறினால் போதாதா? எப்போது நிறுத்த வேண்டும்?

போதாது. பிபி என்பது இதயம் தள்ளும் ரத்தமும் ரத்தக்குழாய்களின் இறுக்கமும் சேர்ந்து தருகிற எண். குழாய்கள் இறுகிக்கொண்டால் ஓட்டம் வெகுவாகக் குறைந்த பிறகும் பிபி 110 என்றே காட்டும். செப்சிஸில், அதாவது கடும் தொற்றால் உறுப்புகள் கெடும் நிலையில், இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். குழாய்கள் தளர்ந்துபோயிருப்பதால், போலஸுக்கு (சில நிமிடங்களில் வேகமாக ஏற்றும் நீருக்கு) பிறகு இதயம் கூடுதலாகத் தள்ளினாலும் பிபி அசையாது. சலைன் கொடுப்பதே ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தைக் கூட்டத்தான். அது கூடியதா என்று பார்க்காமல் அடுத்த பாட்டிலை மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பது போல.

ஷாக் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் போலஸ் இந்தப் பலனைத் தரும். மற்றவர்களுக்கு அதே நீர் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் குடலிலும் வீக்கமாகத் தங்கிவிடும். 2011-ல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளில், போலஸ் பெற்றவர்களில் சுமார் 10.5 சதவீதம் பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். போலஸ் பெறாதவர்களில் அது 7.3 சதவீதம். வென்டிலேட்டர் வசதி அரிதாக இருந்த சூழல் அது, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் "கொடுத்துப் பார்ப்போம், கெடுதல் என்ன" என்று சொல்ல இனி வழியில்லை.

முதலில் விரல். ஷாக்கில் கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் தகவலில் இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கருத்து, ஆனால் இதைத்தான் அவசரத்தில் தப்பும் தவறுமாகச் செய்கிறோம். வலது ஆள்காட்டி விரல் நுனியின் உட்புறத்தை ஒரு கண்ணாடி ஸ்லைடால் தோல் வெளுக்கும்வரை அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே 10 விநாடி வைத்திருங்கள். விட்டதும் நிறம் முழுசாகத் திரும்பும்வரை கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 3 விநாடிக்கு மேல் போனால் ஓட்டம் போதவில்லை. இரண்டே விநாடி அழுத்திவிட்டு மனக்கணக்கில் எண்ணினால் ஆளுக்கு ஒரு விடை வரும். அறை குளிர்ந்து கை சில்லிட்டிருந்தால் முதலில் கையைச் சூடாக்குங்கள். நல்ல வெளிச்சத்தில், அதே விரலில், 30 நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு ஷிஃப்டில் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. கருத்த தோலிலும் விரல் நுனியின் உட்புறம் வெளிறிச் சிவப்பதைப் பார்க்க முடியும், அதனால்தான் அந்த இடம். 2019-ல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளில் ஒரு பாதிக்கு இந்த விநாடிகளையும் மறு பாதிக்கு லாக்டேட்டையும் (ஓட்டம் குறையும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) இலக்காக வைத்தார்கள். 28 நாள் இறப்பு முதல் பாதியில் 34.9 சதவீதம், மறு பாதியில் 43.4 சதவீதம். வித்தியாசம் புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. ஆனால் ஒரு ஸ்லைடும் கடிகாரமும் ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தவை இல்லை என்பது தெளிவானது.

கூடவே முழங்காலைச் சுற்றிப் பாருங்கள். தோலில் வலைபோல நீலத் திட்டுகள் இருந்தால் அவை தொடைப் பக்கம் பரவுகின்றனவா, சுருங்குகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி. என்ற கணக்கு உதவும், ஆனால் மெதுவாகத்தான் மாறும். லாக்டேட் 2-க்கு மேல் என்றால் கவலை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து இறங்குகிறதா என்று பார்க்கலாம். அட்ரினலின் ஓடினாலும் ஈரல் கெட்டிருந்தாலும் ஓட்டம் சரியான பிறகும் லாக்டேட் ஏறியே இருக்கும். லாக்டேட்டை மட்டும் துரத்தி சலைன் ஏற்றாதீர்கள்.

ஆர்ட்டீரியல் லைன் (பிபியைத் தொடர்ந்து அளக்கத் தமனிக்குள் போடும் குழாய்) போட்டிருந்தால், எண்ணை நம்பும் முன் டிரான்ஸ்டியூசரை, அதாவது அழுத்தத்தை உணரும் கருவியைப் பாருங்கள். அது நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினால் சுமார் 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். சராசரி அழுத்தம் உண்மையில் 58 இருக்க, மானிட்டரில் 65 என்று பார்த்து நிம்மதியாக நகர்ந்துவிடுவோம். கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கலாம். லைனுக்குள் நீரைத் தள்ளும் பிரஷர் பையில் 300 மி.மீ. அழுத்தம் இருக்கிறதா பாருங்கள். லைனைக் கழுவும் ஃப்ளஷை ஒரு நொடி இழுத்து விடுங்கள். அலை சதுரமாக எழுந்து விழுந்து, ஒன்றிரண்டு துள்ளலோடு அடங்கினால் லைன் சரி. துள்ளலே இல்லாமல் வழுக்கி இறங்கினால் குமிழியோ, ரத்தக்கட்டியோ, குழாயில் மடிப்போ இருக்கிறது. அப்போது மேல் பிபி குறைவாகவும் கீழ் பிபி கூடுதலாகவும் தெரியும், சராசரி ஓரளவு தப்பிக்கும்.

இனி முக்கியமான கேள்வி: இவருக்கு இன்னும் நீர் கொடுத்தால் பலன் உண்டா? சொட்டு நீர் கூடக் கொடுக்காமல் இதைச் சோதிக்கலாம். காலைத் தூக்கினால், கால்களிலும் வயிற்றிலும் நிற்கும் சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்துக்கு வந்து சேரும். பிடிக்கவில்லையென்றால் காலை இறக்கியதும் அது திரும்பிப் போய்விடும். படுத்திருப்பவரின் காலைக் கையால் தூக்குவதுதான் இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்த நிலையில் தொடங்க வேண்டும். அங்கே ஒரு அளவு எடுத்துக்கொண்டு, கட்டிலின் பொத்தானை வைத்தே உடம்பைச் சமமாக இறக்கி, கால்பக்கத்தை 45 டிகிரிக்கு ஏற்றுங்கள். உடம்பு சாய்ந்திருந்து இறங்கினால்தான் வயிற்று ரத்தமும் சேர்ந்து வரும். கையால் தூக்கினால் வலியில் துடிப்பு ஏறி, பொய்யான பலன் காட்டும். முதல் ஒரு நிமிடத்துக்குள் அளக்க வேண்டும், பிறகு பலன் மங்கிவிடும். கடைசியில் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அளவும் பழையபடி இறங்குகிறதா என்று சரிபாருங்கள். வயிற்றுக்குள் அழுத்தம் மிகுந்தவர்களிடம் இந்தச் சோதனை "பலனில்லை" என்று தவறாகக் காட்டலாம்.

எதை அளப்பது? எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதய நுனிப் பக்கமிருந்து பெருநாடி தெரியும்படி வைத்து, வால்வுக்குச் சற்றுக் கீழே பல்ஸ்டு டாப்ளரில் விடிஐ எடுங்கள், அதாவது ஒரு துடிப்பில் ரத்தம் எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது என்ற அளவு. ஓய்வில் 18 முதல் 22 செ.மீ. சாதாரணம். 14 இருந்தது காலைத் தூக்கியதும் 16.5 ஆனால் 18 சதவீத ஏற்றம், அவருக்கு நீர் பலன் தரும். 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் இல்லை. ஓட்டத்தைக் கணக்கிட வால்வடி விட்டத்தை ஒவ்வொரு முறையும் அளக்காதீர்கள். அதை வர்க்கப்படுத்தும்போது சிறு பிழை பெரிதாகிவிடும், ஆனால் விட்டம் மாறுவதில்லை, ஆகவே விடிஐ மட்டும் போதும். மூன்று துடிப்பின் சராசரி, துடிப்பு ஒழுங்கற்றவருக்கு இன்னும் அதிகம். புரோபை நகர்த்திவிட்டால் அந்த ஒப்பீடே வீண். எக்கோ தெரியாவிட்டால், தானாக மூச்சுவிடாமல் வென்டிலேட்டரில் சீராக இருப்பவருக்கு மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் கூடினாலும் நல்ல அறிகுறிதான்.

மானிட்டரே காட்டும் பல்ஸ் பிரஷர் மாறுபாடு (மேல், கீழ் பிபி இடைவெளி மூச்சோடு மாறும் அளவு) 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பலன் உண்டு என்பார்கள். நோயாளி தானாக மூச்சுவிடக் கூடாது, துடிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்று) கிலோவுக்கு 8 மி.லி. இருக்க வேண்டும். பெரும்பாலான ஐசியூ நோயாளிகளிடம் இதில் ஏதாவது ஒன்று குறையும். சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) 8 முதல் 12 என்ற பழைய இலக்கை விட்டுவிடுங்கள், அந்த எண் நீர் பலன் தருமா என்று சொல்லாது. ஆனால் போலஸுக்குப் பிறகு சிவிபி விடுவிடுவென ஏறி, விடிஐ அசையவில்லையென்றால் அது நிறுத்தச் சொல்லும் குரல்.

போலஸ் கொடுப்பதென்றால் ரிங்கர் லாக்டேட் (சலைன் போல ஏற்றும் இன்னொரு உப்பு நீர்) கிலோவுக்கு 4 மி.லி., ஏறக்குறைய 250 மி.லி., 10 நிமிடத்தில். அந்தப் பத்து நிமிடமும் நார்அட்ரினலினையோ (குழாய்களை இறுக்கி பிபியை ஏற்றும் மருந்து) வென்டிலேட்டரையோ மயக்க மருந்தையோ தொடாதீர்கள், தொட்டால் மாற்றம் எதனால் வந்ததென்று தெரியாது. முடிந்ததும் உடனே விடிஐ, விரல், நுரையீரல் ஸ்கேன். செப்சிஸில் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. என்று 2021 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. 60 கிலோவுக்கு 1,800 மி.லி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஊற்றாமல், நடுநடுவே அளந்து கொடுங்கள். கீழ் பிபி 40-க்கும் கீழே போயிருந்தால் முழு அளவும் ஏறும்வரை காத்திருக்காமல், கையில் நல்ல சிரை (வெயின்) வழியாகவே நார்அட்ரினலினைத் தொடங்கலாம், இலக்கு சராசரி 65. ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு வேண்டியது ரத்தம். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தாலோ நெஞ்சுக்குள் காற்று அடைத்திருந்தாலோ முதலில் அதை வெளியேற்றுங்கள்.

விரல் 3 விநாடிக்குள் வந்துவிட்டதா, நிறுத்துங்கள். சோதனையில் பலன் உண்டு என்று வந்தாலும் சரி. ஆரோக்கியமானவருக்கும் காலைத் தூக்கினால் விடிஐ ஏறும், அதற்காக அவருக்கு யாரும் சலைன் ஏற்றுவதில்லை. விரல் தேறாமல், விடிஐயும் அசையாமல் இருந்தாலும் நிறுத்துங்கள், இப்போது வேண்டியது வேறு மருந்து. நுரையீரல் ஸ்கேனில் புதிதாக பி-கோடுகள் (நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டும் கோடுகள்), ஆக்சிஜன் தேவை ஏறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அப்படியே.

போலஸை நிறுத்திய பிறகும் நீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆன்டிபயாட்டிக் கலந்த 100 மி.லி. பாட்டில்கள், பொட்டாசியம், மயக்க மருந்து, லைன் ஃப்ளஷ், யாரோ எப்போதோ எழுதி இன்னும் ஓடும் மணிக்கு 100 மி.லி. டிரிப். அந்த டிரிப் மட்டுமே ஒரு நாளைக்கு 2,400 மி.லி. காலை ரவுண்டில் முதலில் அந்த ஆர்டரை வெட்டுங்கள்.